அப்பாவின் சீகோவைப் போல ஒன்று: விலை பேசும் முன் பின்மூடியைப் படியுங்கள்

கேள்வி: என் தந்தை 1983 முதல் ஏழு ஆண்டுகள் ஷார்ஜாவில் வேலை பார்த்தார். அங்கே வாங்கிய சீகோ 5 ஆட்டோமேட்டிக் கைக்கடிகாரத்தைக் கடைசிவரை கட்டியிருந்தார். அவர் மறைவுக்குப் பின் நாங்கள் வீடு மாறியபோது அது எங்கோ தவறிவிட்டது. அதைப் போன்ற ஒன்றை வாங்கி, தினமும் அலுவலகத்துக்குக் கட்டிச் செல்ல விரும்புகிறேன். இணையத்தில் ஒருவர் பச்சை டயல் கொண்ட சீகோ 5 ஒன்றை, "1972 மாடல், 6119 மெஷின், முழுக்க ஒரிஜினல், புதிது போன்ற நிலை" என்று சொல்லி 3,200 ரூபாய்க்கு விற்கிறார். அவர் அனுப்பிய மூன்று படங்களை இணைத்துள்ளேன். வாங்கலாமா? அல்லது பேசாமல் ஒரு பழைய ஹெச்.எம்.டி. வாங்கிக்கொள்வது நல்லதா?
- ஒரு வாசகர், திருவாரூர்

அன்புள்ள வாசகருக்கு,

வணக்கம். இந்தக் கடிகாரத்தை வாங்க வேண்டாம். நீங்கள் அனுப்பிய மூன்று படங்களிலும் இருப்பது ஒரே கடிகாரம்தான் என்றாலும், அதன் பின்மூடி ஒரு சீகோவிலிருந்தும் மெஷின் இன்னொரு சீகோவிலிருந்தும் வந்திருக்கின்றன. டயலோ அண்மையில் யாரோ வர்ணம் அடித்துத் தந்தது. படங்களை அனுப்பிய விற்பவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. கைமாறிக் கைமாறி வரும் பொருளைப் பலர் கேட்டதை அப்படியே சொல்லித்தான் விற்கிறார்கள். எப்படி இந்த முடிவுக்கு வந்தேன் என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் அடுத்த கடிகாரத்தை நீங்களே படித்துப் பார்க்க அது உதவும்.

முதலில் பின்மூடியின் படம். சீகோ நிறுவனம் தன் கடிகாரங்களின் முதுகில் இரண்டு எண்களைப் பொறிக்கும் வழக்கம் உடையது. கோடு போட்டுப் பிரித்த நான்கு நான்கு இலக்கங்களில் முதல் நான்கு மெஷினின் எண். அடுத்த நான்கு கேஸின், அதாவது மெஷினைத் தாங்கும் உலோகக் கூட்டின், வடிவத்துக்கான எண். உங்கள் படத்தில் முதல் நான்கு 6119. இதைத் தவிர ஆறு எழுத்துகள் கொண்ட வரிசை எண் ஒன்று தனியாக இருக்கும். அதன் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். ஜனவரி முதல் செப்டம்பர் வரை 1 முதல் 9. அக்டோபருக்கு 'ஓ' அல்லது சுழியம், நவம்பருக்கு 'என்', டிசம்பருக்கு 'டி' என்ற ஆங்கில எழுத்துகள். உங்கள் படத்தில் வரிசை எண் 2 என்ற இலக்கத்தோடு தொடங்கி, 'என்' எழுத்து அடுத்து வருகிறது. 6119 மெஷின் 1960களின் இறுதியில் வந்து 1970களின் நடுப்பகுதியோடு நின்றுபோனது என்பதால், அந்த 2 என்பது 1962ஆகவோ 1982ஆகவோ இருக்க முடியாது. ஆக இந்தப் பின்மூடி 1972 நவம்பரில் செய்யப்பட்டது. இதுவரை விற்பவர் சொன்னது சரிதான்.

சிக்கல் மூன்றாவது படத்தில் இருக்கிறது. மூடியைத் திறந்து எடுத்த அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், மெஷினின் மேல் 7009ஏ என்றும் 17 ஜுவல்ஸ் (உராய்வைக் குறைக்க மெஷினில் பதிக்கும் 17 சிறு கற்கள்) என்றும் பொறித்திருப்பது தெளிவாகத் தெரிகிறது. 6119 மெஷினுக்குப் பொதுவாக 21 கல். 7009 என்பது அதற்குப் பின்னால் வந்த வேறொரு மெஷின். வேறு எந்தச் சான்றும் தேவையில்லாமல், இந்த ஒரு படமே விற்பவரின் விளம்பரத்தைப் பொய்யாக்கிவிடுகிறது. துருப்பிடித்து இறந்துபோன ஒரு 6119இன் மூடியை எடுத்து, ஓடுகிற 7009 ஒன்றின் முதுகில் யாரோ திருகியிருக்கிறார்கள் என்பது என் ஊகம். 1972 என்று சொன்னால் விலை கொஞ்சம் ஏறும் அல்லவா?

இனி முதல் படம், அதாவது நீங்கள் மனம் பறிகொடுத்த அந்தப் பச்சை முகம். சீகோ 5 கடிகாரங்களில் பொதுவாக நிறுவனத்தின் பெயரும், கேடயத்துக்குள் இருக்கும் 5 என்ற குறியும், மணிக்கான பட்டைகளும் உலோகத்தில் தனித்தனியாகச் செய்து டயலில் பதித்தவையாக இருக்கும்; சாய்வான வெளிச்சத்தில் அவற்றின் நிழல் டயலின் மேல் விழுவதைப் பார்க்கலாம். உங்கள் படத்தில் பெயர் வெறும் வெள்ளை மையில் அச்சாகியிருக்கிறது, நிழல் இல்லை. ஐந்தாம் எண் கேடயம் இடப்பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கிறது. ஓரத்திலுள்ள நிமிடக் கோடுகளில் 22க்கும் 23க்கும் உள்ள இடைவெளி அடுத்ததை விட அகலமாக இருக்கிறது. ஜப்பானியத் தொழிற்சாலை அச்சில் இதை நான் பார்த்ததில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆறு மணிக்குக் கீழே, கண்ணாடி விளிம்பை ஒட்டி, எறும்புக் கால் போல மிகப் பொடியான எழுத்தில் இருக்க வேண்டிய டயல் எண் அங்கே இல்லவே இல்லை. அந்த எண்ணின் முதல் நான்கு இலக்கங்கள் பின்மூடியில் உள்ள முதல் நான்கோடு ஒத்திருக்க வேண்டும். பின் நான்கு சற்று மாறியிருப்பதுண்டு, ஒரே டயலைப் பல கேஸ்களில் பொருத்தியதால் வரும் வேறுபாடு அது. அதைக் கண்டு பயப்பட வேண்டாம். ஆனால் எண்ணே இல்லாத டயல் என்றால், பழைய அச்சை உரித்துவிட்டு மேலே புது வர்ணம் பூசியிருக்கிறார்கள் என்றே முதலில் எண்ண வேண்டும்.

இப்படி வர்ணம் பூசுவது நம் நாட்டில் ஒரு தனித் தொழிலாகவே நடக்கிறது. அதற்குத் தொடக்கத்தில் ஏமாற்றும் நோக்கம் இருந்ததில்லை. கடற்கரை ஊர்களின் உப்புக் காற்றிலும் வியர்வையிலும் டயலின் மேல்பூச்சு புள்ளி புள்ளியாகக் கிளம்பிவிடும். வாடிக்கையாளர் வந்து, "முகத்தை மட்டும் புதுசாக்கிக் கொடுங்கள்" என்பார். கடைக்காரர் டயலைக் கழற்றி அனுப்புவார். இரண்டு வாரத்தில் பளபளவென்று திரும்பி வரும். நானும் அப்படி எத்தனையோ டயல்களை அனுப்பியிருக்கிறேன். இப்போது வெளிநாட்டவர்கள் விரும்பி வாங்குகிறார்கள் என்றதும், ஆரஞ்சு, கிளிப்பச்சை, வானநீலம் என்று அந்தக் காலத்தில் யாரும் கேட்டிராத நிறங்களில் மூட்டை மூட்டையாக வருகின்றன.

தொழில் பழகிய காலத்தில் நானும் ஏமாந்தவன்தான். சென்னையில் ஒரு நடைபாதைக் கடையில், கறுப்பு முகத்தோடு கம்பீரமாக இருந்த ஒரு கைக்கடிகாரத்தை என் ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்து வாங்கினேன். அடுத்து வந்த சித்திரை வெயிலில் டயலின் ஓரத்தில் வர்ணம் செதில் போலத் தூக்கியது. பொரிந்து விழுந்த ஒரு துணுக்கு, டயலின் நடுத்துளை வழியாக உள்ளே இறங்கி மெஷினுக்குள் போய் ஓட்டத்தை நிறுத்திவிட்டது. பிரித்துப் பார்த்தபோது கறுப்புக்கு அடியில் வேறொரு நிறுவனத்தின் பெயர் வெள்ளி முகத்தில் மங்கலாகத் தெரிந்தது. அதிலிருந்து எந்தக் கடிகாரத்தைக் கையில் எடுத்தாலும் முதலில் ஆறு மணிக்குக் கீழேதான் லென்ஸை வைக்கிறேன்.

மறுவர்ணம் பூசிய கடிகாரத்தைக் கட்டக் கூடாது என்று நான் சொல்லவில்லை. மறுவர்ணம் என்று சொல்லி, அதற்குரிய விலையில் விற்றால், நிறம் பிடித்திருந்தால், தாராளமாகக் கட்டுங்கள். ஆனால் நீங்கள் தேடுவது உங்கள் தந்தை கட்டியிருந்த பொருளுக்கு நெருக்கமான ஒன்றை. அதற்குப் பழுப்பேறிய, ஓரத்தில் இரண்டு புள்ளி விழுந்த, ஆனால் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கும் முகம்தான் பொருத்தம் என்பது என் கருத்து.

எனவே தேடலை விற்பனைத் தளத்தில் தொடங்காமல், வீட்டிலுள்ள பழைய புகைப்பட ஆல்பத்தில் தொடங்குங்கள். தந்தை கையைக் கட்டிக்கொண்டோ, குழந்தையைத் தூக்கிக்கொண்டோ நிற்கும் படம் ஒன்றாவது இருக்கும். அதை நல்ல தரத்தில் ஸ்கேன் செய்து மணிக்கட்டைப் பெரிதாக்குங்கள். டயல் வெளிர்நிறமா கருநிறமா, மணிப் பட்டைகள் ஒல்லியா தடிப்பா, கேஸ் வட்டமா, பீப்பாய் போல உப்பியதா, செயின் கேஸோடு எப்படிச் சேர்கிறது, இவ்வளவு தெரிந்தாலே போதும். சாவி, அதாவது நேரம் திருத்தும் பக்கத்துத் திருகு, நான்கு மணிக்கு நேரே கேஸுக்குள் பதுங்கியிருக்கும். 1963இல் சீகோ 5 வெளிவந்தபோது அந்தப் பெயரில் உள்ள ஐந்து சிறப்புகளில் அதுவும் ஒன்று. கையசைவிலேயே முறுக்கேறும் ஆட்டோமேட்டிக் ஓட்டம், நாளும் தேதியும் ஒரே சாளரத்தில், நீர்த் தாங்கும் தன்மை, உறுதியான கேஸும் செயினும் ஆகியவை மற்ற நான்கு. பீரோவின் அடித்தட்டில் கியாரண்டி அட்டையோ கடை ரசீதோ கிடந்தால் உங்கள் வேலை பாதி முடிந்தது.

தந்தை 1983க்குப் பிறகு வளைகுடாவில் வாங்கியிருந்தால், அது 6119ஆக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அந்த ஆண்டுகளில் அங்கிருந்து வந்து என் மேசையில் படுத்த சீகோ 5களில் பெரும்பாலானவை 7009 அல்லது 6309 மெஷின் கொண்டவை. இரண்டிலும் 17 கல், இரண்டும் மணிக்கு 21,600 முறை துடிப்பவை. ஆகவே 1972 என்ற எண்ணின் கவர்ச்சியை விட்டுவிட்டு 7009ஐத் தேடுங்கள். அதில் ஒரு தொல்லை உண்டு. அந்த மெஷின் 1970களின் பிற்பகுதியிலிருந்து நெடுங்காலம் தயாரிப்பில் இருந்ததால், 9 என்று தொடங்கும் வரிசை எண் 1979ஆகவும் இருக்கலாம், 1989ஆகவும் இருக்கலாம். கேஸின் வடிவத்தையும் டயல் எழுத்துகளின் பாணியையும், அதே கேஸ் எண் கொண்ட மற்றக் கடிகாரங்களையும் ஒப்பிட்டுத்தான் அதைத் தீர்க்க முடியும்.

காலம் கணிக்க இன்னொரு அடையாளமும் உதவும். சுமார் 1970 வரை சீகோ தன் கடிகாரங்களில் 'வாட்டர் ப்ரூஃப்' என்று பொறித்தது. அதன் பின் 'வாட்டர் ரெசிஸ்டன்ட்' என்று மாற்றிக்கொண்டது. 1968 என்று சொல்லி விற்கும் கடிகாரத்தின் முதுகில் 'ரெசிஸ்டன்ட்' என்று இருந்தால், மூடி மாறியிருக்கிறது என்று பொருள். நாள் காட்டும் சக்கரத்தையும் கவனியுங்கள். அதில் ஆங்கிலத்தோடு இரண்டாவது மொழி ஒன்று இருக்கும். எந்தச் சந்தைக்காகச் செய்யப்பட்டதோ அந்தச் சந்தையின் மொழி அது. அரபு எழுத்து இருந்தால் வளைகுடாவுக்குப் போனது. உங்களுக்கு அப்படி ஒன்று கிடைத்தால், மற்றவர்களைவிட உங்களுக்கு அதன் மதிப்பு கூடுதல்.

விற்பவரிடம் என்ன கேட்பது? மூன்று படங்களும் ஒரு வீடியோவும் கேளுங்கள். கண்ணாடி பளபளக்காத வெளிச்சத்தில் டயலின் கீழ்ப்பாதி, பின்மூடி, மூடி திறந்த மெஷின் ஆகியவை படங்கள். நாளையும் தேதியையும் மாற்றிக் காட்டுவது வீடியோ. 7009இல் சாவியை ஒரு படி வெளியே இழுத்து ஒரு பக்கம் சுற்றினால் தேதியும் மறுபக்கம் சுற்றினால் நாளும் மாறும். 6119இல் அப்படியில்லை, சாவியை உள்நோக்கி அழுத்தினால்தான் அவை மாறும். விளம்பரத்தில் சொன்ன மெஷினுக்கும் விரல் செய்யும் வேலைக்கும் பொருத்தம் இருக்கிறதா என்பதை மூடியைத் திறக்காமலே இதன்மூலம் கண்டுபிடித்துவிடலாம். மூடி திறந்த படம் தர மறுப்பவரிடம் நான் வாங்குவதில்லை. மூடியைத் திறக்கத் தெரியாது என்று சொல்பவர் உண்மையையே சொல்லலாம். அப்படியானால் அருகிலுள்ள கடையில் திறந்து படம் எடுத்து அனுப்பட்டும், கூலியை நீங்கள் கொடுத்துவிடுங்கள்.

மெஷின் படத்தில் பித்தளையும் எஃகும் தம் நிறத்தில் இருக்க வேண்டும். திருகுகளின் தலை சிதைந்திருந்தால் கைபழகாதவர் திறந்திருக்கிறார். செம்பழுப்புப் பொடி தெரிந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. கேஸைப் பொறுத்தவரை, கூரான விளிம்புகள் வழவழவென்று உருண்டிருந்தால் பலமுறை பாலிஷ் போட்டிருக்கிறார்கள். பின்மூடியின் எழுத்துகள் மங்கியிருப்பதும் அதற்குச் சாட்சி. அதைவிடக் கவலைப்பட வேண்டியது, மூடி உட்காரும் வளையத்தில் வியர்வை அரித்த சிறு குழிகள். அவை ஆழமாக இருந்தால் எந்தப் புது வாஷரும் சரியாக உட்காராது.

நேரில் கையில் கிடைத்தால், காதருகே வைத்துச் சுழற்றிப் பாருங்கள். உள்ளே சுழன்று முறுக்கேற்றும் ரோட்டர் உலோகத்தில் உரசும் கரகரப்பு வரக் கூடாது. 6119, 7009 இரண்டையுமே சாவி திருகி முறுக்கேற்ற முடியாது, கையசைவில்தான் ஏறும் என்பதால், "சாவி சுற்றினால் ஒன்றும் ஆகவில்லையே" என்று குறை காண வேண்டாம். நல்ல கடைக்காரர் ஒருவர் ஓட்டத்தை அளக்கும் டைம்கிராஃபர் கருவியில் வைத்துக் காட்டினால், முழு முறுக்கில் டயல் மேலே பார்த்தபடி ஆம்ப்ளிட்யூட், அதாவது உள்ளே ஆடும் சக்கரத்தின் வீச்சு, 220 டிகிரிக்குக் குறையாமல் இருப்பது நல்லது. அதற்குக் கீழே என்றால் சர்வீஸ் பார்க்காமல் கிடந்த மெஷின். கருவி இல்லாவிட்டால் எளிய சோதனை ஒன்று போதும். ஒரு பகல் முழுக்கக் கட்டியிருந்து, இரவு கழற்றி மேசையில் வையுங்கள். ஏறக்குறைய 40 மணி நேரம் ஓட வேண்டிய மெஷின், காலையில் நீங்கள் பல் துலக்கும் முன்பே நின்றிருந்தால் உள்ளே எண்ணெய் காய்ந்திருக்கிறது.

தினமும் கட்டப்போகிறீர்கள் என்பதால் சில நடைமுறைகளைச் சொல்ல வேண்டும். முதுகில் என்ன பொறித்திருந்தாலும், நாற்பது ஆண்டான கேஸ்கெட் (மூடிக்கு அடியிலுள்ள வாஷர்) நீரைத் தாங்காது. கை கழுவும்போது தெறிக்கும் துளி வேறு. இரு சக்கர வாகனத்தில் மழையில் நனைவது வேறு. ஐப்பசி, கார்த்திகையில் அதை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். கோடையில் மாலையில் வந்ததும் பின்மூடியை உலர்ந்த துணியால் துடைத்துவிட்டால் அந்த அரிப்புக் குழிகள் வராது. இரவு 9 மணியிலிருந்து அதிகாலை 4 மணி வரை தேதியைச் சாவியால் மாற்றாதீர்கள். அந்நேரத்தில் சக்கரங்கள் தாமே தேதியைத் தள்ளத் தொடங்கியிருக்கும், இடையில் நாம் திருகினால் பல் உடையும். திடீரென ஒரு நாளைக்குப் பல நிமிடம் வேகமாக ஓடினால், ஒலிபெருக்கி, கைப்பேசி உறையின் காந்தம் போன்றவற்றால் ஹேர் ஸ்பிரிங் என்ற மெல்லிய சுருள்கம்பி காந்தமேறியிருக்கலாம். கடையில் ஒரு நிமிட வேலை. சர்வீஸ் முடிந்த மெஷின் நாளொன்றுக்கு 20, 30 விநாடி முன்னும் பின்னும் போவது இயல்பு. இரண்டு விநாடிகூடத் தவறக் கூடாது என்று எதிர்பார்ப்பவர் பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் கட்டுவதே நல்லது.

அளவையும் நினைவில் வையுங்கள். அந்தக் காலத்துச் சீகோ 5கள் பெரும்பாலும் 36, 37 மில்லிமீட்டர் அகலமே உள்ளவை. இன்றைய கடிகாரங்களுக்குப் பழகிய கண்ணுக்கு முதல் வாரம் சிறியதாகத் தோன்றும். பிறகு மற்றவையெல்லாம் பெரிதாகத் தோன்றும்.

ஹெச்.எம்.டி. பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் கூட்டுறவோடு 1961இல் பெங்களூரில் கடிகாரத் தயாரிப்பைத் தொடங்கிய அரசு நிறுவனம் அது. கடிகாரப் பிரிவை மூட 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது. அதன் ஜனதா, 17 கல்லுடன் தினமும் சாவி கொடுத்து ஓட்ட வேண்டிய எளிய, உழைப்பாளிக் கடிகாரம். எந்த ஊரிலும் பழுது பார்க்க ஆள் கிடைப்பார். முதன்முதலாகப் பழைய கடிகாரம் கட்டுபவர்களுக்கு நான் பெரும்பாலும் அதைத்தான் சொல்வேன். ஆனால் அதன் பைலட் மாடல் மிட்டாய் நிறங்களில் என் மேசைக்கு வந்தபோதெல்லாம் மறுவர்ணமாகவே இருந்திருக்கிறது என்பதால், அங்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். மேலும் உங்கள் கடிதத்தைப் படித்தால், நீங்கள் தேடுவது சாவி கொடுக்கும் கடிகாரம் என்று எனக்குத் தோன்றவில்லை.

விலையைப் பற்றி ஒன்றே ஒன்று. எந்தக் கடிகாரத்தையும், "சர்வீஸ் செய்தது" என்று விற்பவர் சொன்னாலும், சர்வீஸ் செய்யாதது என்றே வைத்துக்கொண்டு, உங்கள் ஊர்க் கடைக்காரரிடம் முழுதாகப் பிரித்துச் சுத்தம் செய்து எண்ணெய் இட என்ன கூலி என்று முன்கூட்டியே கேட்டு, அதையும் விலையோடு கூட்டிப் பாருங்கள். 7009க்கு உதிரி பாகங்கள் இன்றும் எளிதில் கிடைக்கின்றன. 6119க்குப் பெரும்பாலும் இன்னொரு கடிகாரத்தைப் பலி கொடுத்துத்தான் எடுக்க வேண்டும். தினம் கட்டுபவருக்கு இந்த வேறுபாடு பெரிது.

அடுத்து ஏதேனும் கண்ணில் பட்டால், பணம் அனுப்பும் முன் அதன் மூன்று படங்களோடு ஆல்பத்திலிருந்து உங்கள் தந்தையின் மணிக்கட்டுப் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துச் சொல்கிறேன்.